தச்சன் கல்லுக்கு அடுத்த பெயர்

எங்கள் ஸ்கேரவிக்கில் மார்சலி என்ற பெயரில் ஒரே காலத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அதனால் இவளை வெளுத்த யாக்கன் மகள் மார்சலி என்றுதான் சொல்வார்கள். யாக்கனுக்குப் பிறந்ததிலிருந்தே தலைமுடி சணல் நிறம். பெண்சாதி பேஹக், வடக்கு முனைக்காரி. அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டே: மூத்தவள் மார்சலி, அவளுக்கு இரண்டு வயது இளையவன் தோர்க்கில். யாக்கனின் தம்பி மகள் ஷோனக் அடுத்த வீடு. மூன்று பேரும் ஒரே சட்டியில் உருளைக்கிழங்கு எடுத்துத் தின்று வளர்ந்தவர்கள்.

ஊருக்குப் பின்னால் எட்டு மைலுக்குச் சதுப்புவெளி. லூயிஸ் தீவில் பாதி அப்படித்தான். அதில் பாதை கிடையாது, பெயர்தான் பாதை. எங்கேயாவது எப்படிப் போவது என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டமாட்டார்கள். வரிசையாகப் பெயர்களைச் சொல்வார்கள். கேட்டவன் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பான். ஒரு பெயரில் போய் நின்றால் அடுத்த பெயர் கண்ணுக்குத் தெரியும். அப்படியே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த வரிசையெல்லாம் பெண்களுக்குத்தான் அத்துப்படி. கோடையில் ஆறு வாரம் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக் குடில்களில் போய்த் தங்கி, பால் கறந்து வெண்ணெய் எடுப்பவர்கள் அவர்கள். ஆண்பிள்ளை பதினான்கு வயதில் படகேறிவிடுவான். நீரோட்டமும் பாறைகளும் தெரிந்த அளவுக்கு அவனுக்குச் சொந்த ஊரின் முதுகுப்பக்கம் தெரியாது. தோர்க்கிலும் அப்படித்தான்.

1931ஆம் வருஷம், ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை. மார்சலிக்குப் பத்தொன்பது வயது. தோர்க்கில் மாவு மூட்டையும் உப்பு ஹெர்ரிங் மீனும் சுமந்துகொண்டு குடிலுக்கு வந்திருந்தான். திரும்பும்போது வெண்ணெய் கொண்டுபோக வேண்டும். வெளியே ஓடையோரம் ஷோனக் தயிர்க் கடைசல் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். குடிலின் புல்மண் சுவர்மேல் ஆண்ட்ரா உட்கார்ந்திருந்தான். அடுத்த ஊர்க்காரன், தொலைந்த ஆட்டைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக வந்திருந்தான். மார்சலிக்காக வருகிறான் என்று ஆட்டுக்கும் தெரியும்.

தோர்க்கில் மூட்டையை இறக்கினான். ஆண்ட்ராவை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, இவரு யாரு, மாடு வாங்க வந்தவரா? வந்ததுலேருந்து உன் பல்லையே பாத்துட்டு இருக்காரே."

ஷோனக் பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். ஆண்ட்ராவுக்குக் காது சிவந்தது. மார்சலிக்கு முகமே எரிந்தது. காலையிலிருந்து ஒரு கிடாரியைக் காணவில்லை. தானே போகலாம் என்று இருந்தவள், தம்பியை அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

"வாய மூடிட்டுப் போயி கிடாரிய ஓட்டிட்டு வா. கன்னுப் பள்ளத்துல நிக்கும்."

"எப்படிப் போறது?"

"செவந்த முதுகு, மூணு ஓடைக் கூடல், தச்சன் கல்லு, கன்னுப் பள்ளம். போ."

அவன் அந்த நான்கு பெயர்களையும் சர்ச்சில் சங்கீதம் பாடுகிறவன்போல இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு போனான். போகும்போது ஆண்ட்ராவின் தொப்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டும் போனான்.

பெயர்கள் ஐந்து. தச்சன் கல்லுக்கும் கன்றுப் பள்ளத்துக்கும் நடுவே கிழவி முழங்கால் என்று ஒரு மேடு. தச்சன் கல்லில் நின்றால் கன்றுப் பள்ளம் நேர் எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தெரியும். ஆனால் நேரே போகக் கூடாது. கிழவி முழங்காலில் ஏறிச் சுற்றித்தான் இறங்க வேண்டும். நேரே போனால் நடுவில் பஞ்சுப்புல் குட்டை. அதன் ஓரமெல்லாம் பச்சைப் பாய் விரித்தாற்போல் இருக்கும். அடியில் தரை இருக்காது. ஏழு வயதுப் பெண்பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்குக் கிடாரி தானாக வந்து நின்றது.

குட்டையின் பச்சைமேல் தோர்க்கிலின் தொப்பி கிடந்தது. ஆண்கள் மறுநாளிலிருந்து படகுக் கழிகளைக் கொண்டுவந்து, நடுவே வந்த ஞாயிறு நீங்கலாக ஒன்பது நாள் துழாவினார்கள். கழியோடு கழியைக் கட்டி இறக்கியும் அடி தட்டவில்லை. அடுத்து வந்தது இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யக் கூடாத நாள். திங்கட்கிழமை யாரும் கழியை எடுக்கவில்லை.

துழாவ வந்தவர்கள் முதல் நாளே மார்சலியைக் கேட்டார்கள், என்ன வழி சொல்லி அனுப்பினாய் என்று. அவள் ஐந்து பெயர்களையும் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பையன் அவசரக்காரன், குறுக்கே போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. யாக்கன் சாகும்வரை அதைத்தான் நம்பினார். அடுப்படியில் உட்கார்ந்து, சொன்ன வழியில போயிருக்கக் கூடாதா பாவி என்று செத்த மகனைத் திட்டுவார். அடுப்புக்கு, சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கரியை எடுத்துவைக்கும் மார்சலி அதைக் கேட்டுக்கொண்டே எடுத்துவைப்பாள். பதினாறு வருஷம் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பெட்டியை ஆண்கள் மாற்றி மாற்றித் தோளில் வாங்கிப் போவார்கள். பெண்கள் ஊர் எல்லைவரை வந்து, கண்ணுக்கு மறையும்வரை நிற்பார்கள். பேஹக்குக்கு அப்படி நிற்கவும் வாய்க்கவில்லை. பெட்டி இல்லை, குழி இல்லை, கல் இல்லை. வருஷம் திரும்பிய நாளில் அவள் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு மேட்டுப்பக்கம் கிளம்பினாள். எதிரே வந்த ஒருத்தி எங்கே என்று கேட்டாள்.

"தோர்க்கில் குட்டைக்குப் போயிட்டு வரேன்" என்றாள் பேஹக்.

மகன் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். அன்றிலிருந்து ஊர் முழுக்க அதுதான் அந்த இடத்துக்குப் பெயர். பஞ்சுப்புல் என்ற பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்தது. மற்றவர்களுக்கு இடுகாட்டில் கல் இருக்கும், கல்லில் பெயர் இருக்கும். தோர்க்கிலுக்கு ஊரார் வாய்தான் கல். பேஹக் 1949இல் போய்ச்சேர்ந்தாள். இரண்டு நாள் முன்பு மார்சலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் பேரு போயிடாம பாத்துக்க என்றாள். மார்சலி சரி என்றாள்.

ஆனால் அவள் வாயால் அந்தப் பெயரை ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. சொல்ல நேர்ந்தால் கிழவி முழங்காலுக்குக் கீழே என்பாள், அந்தாண்ட என்பாள். அவள் இருக்கிற இடத்தில் மற்றவர்களும் சொல்லமாட்டார்கள். வீட்டில் சாவு கண்டவர்கள் எதைச் சொல்ல விரும்பவில்லையோ அதைப் பக்கத்தில் இருப்பவரும் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் அது மரியாதை. அக்காவுக்குத் தம்பிமேல் அவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆண்ட்ரா அதற்கப்புறம் இரண்டு முறை வந்து கதவைத் தட்டினான். திறக்கவில்லை. நாலு வருஷம் கழித்து அவன் ஷோனக்கைக் கட்டிக்கொண்டான். மார்சலி கல்யாணத்துக்குக் கோழி உரித்துக் கொடுத்தாள். தனியாகவே இருந்துவிட்டாள். ஆனால் வெளியை விடவில்லை. அறுபது வயதிலும், ஆட்டைக் காணவில்லை என்றால் ஆட்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லி, அப்புறம்தான் அனுப்புவாள். கிழவி இப்படிப் படுத்துகிறாளே என்று இளவட்டங்கள் அலுத்துக்கொள்ளும்.

1973இல் யோவன் என்று ஒருவர் வந்தார். ஸ்கை தீவுக்காரர், முப்பது வயதுதான். தாய்மொழி நம் கேலிக்தான். எங்கோ ஒரு கல்லூரியில் வேலை. ஒவ்வொரு ஊராகப் போய் மேட்டின் பெயர், ஓடையின் பெயர், கல்லின் பெயர், அது எப்படி வந்தது என்று எழுதி, வரைபடமாகப் போட்டு அச்சடிக்கிறார்களாம். ஊரில் யாரைக் கேட்டாலும் வெளுத்த யாக்கன் மகளைப் பார் என்றார்கள்.

அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை. கூட நடந்துதான் எழுதுவார். ஓர் இடத்தில் நிற்பார். இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறதற்கெல்லாம் பெயர் சொல்லுங்கள் என்பார். ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி: பெயர் என்ன, ஏன் அந்தப் பெயர். மார்சலி முன்னால் நடப்பாள். முழங்கால்வலிக்காரி ஷோனக்கும், நான் இல்லாமல் இவள் தப்புத்தப்பாய்ச் சொல்லுவாள் என்று சொல்லிக்கொண்டு பின்னால் வருவாள். ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஷோனக் கூடையில்.

பாதிரியார் சறுக்கல் என்ற இடத்தில் யோவன், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். மார்சலி யோசித்தாள், எழுதுகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று.

"பாதிரியார் சறுக்குனாரு, வேறென்ன" என்றாள் ஷோனக். "எந்த வீட்டுலேருந்து வந்தப்ப சறுக்குனாருங்கறத மட்டும் எழுதாதீங்க. அவங்க பேரப்பிள்ளைங்க இன்னும் சர்ச்சுல முன் வரிசையில உக்காருது."

பதினொரு நாளில் முந்நூற்றுப் பதினொரு பெயர். அத்தனைக்கும் யார், எப்போது, யார் மகன் என்று மார்சலிக்குத் தெரிந்திருந்தது. நாற்பது வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டாம் நாள் சிவந்த முதுகில் ஏறினார்கள். மூன்று ஓடைக் கூடல். தச்சன் கல். மார்சலியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கிழவி முழங்காலில் ஏறி நின்றார்கள். அடுத்த பள்ளத்துக்கும் பெயர் சொல்லிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். கீழே குட்டை வெயிலில் கிடந்தது. ஓரம் முழுக்கப் பஞ்சுப்புல் பூத்து வெள்ளையாக ஆடியது.

"அதுக்கு?" என்றார் யோவன்.

"பஞ்சுப்புல் குட்டை."

அவர் உடனே எழுதவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"தபால்காரரு வேற ஒரு பேரு சொன்னாருங்க. கோவிச்சுக்காதீங்க. எது வேணுமோ நீங்களே சொல்லுங்க, அதத்தான் எழுதுவேன்."

பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்பது. முந்நூற்றுப் பதினொரு முறை கேட்டவர் இதற்கும் கேட்பார். இன்னாருடைய மகன் இங்கே விழுந்தான் என்று மட்டும் சொல்லிவிடலாம். ஆனால் எப்படி விழுந்தான் என்று கேட்டால், மறுபடியும் அந்த ஐந்து பெயர்களைச் சொல்ல வேண்டும். அது புத்தகத்தில் அச்சாகி, தம்பி அவசரக்காரன் என்று உலகம் உள்ளளவும் கிடக்கும். இல்லையென்றால் நான்கு பெயர் என்று சொல்ல வேண்டும்.

"வேற பேரு கெடையாதுங்க" என்றாள் மார்சலி. "எங்க அப்பாவோட அப்பா காலத்துலேருந்து இதுதான்."

ஷோனக் கூடையைத் திறந்து ரொட்டியை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

யோவன் எழுதினார். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். அன்று மாலையே கடையில் நாலு பேரிடம் சரிபார்த்தார். அந்த நாலு பேரில் இரண்டு பேர் ஒன்பது நாள் கழி பிடித்துத் துழாவியவர்கள். மார்சலி என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்சலி சொன்னதுதான் சரி, அதையே போடுங்கள் என்றார்கள். இதையும் மரியாதைக்காகத்தான் செய்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்துப் படம் வந்தது, மேசை அகலத்துக்கு. தபால் ஆபீஸ் சுவரில் ஒன்று ஒட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் ஒன்று. கூடவே ஒரு புத்தகம், ஒவ்வொரு பெயருக்கும் காரணம் போட்டு. முதல் பக்கத்தில் மார்சலியின் பெயரும் அவள் அப்பாவின் பெயரும் இருந்தன. ஊர் முழுக்க வந்து பார்த்தது. மார்சலி படத்தின் முன் நின்று, வீட்டிலிருந்து தொடங்கி விரலால் நடந்துபோனாள். தச்சன் கல். கிழவி முழங்கால். விரல் நின்றது. பஞ்சுப்புல் குட்டை. புத்தகத்தில், ஓரத்தில் வெண்பஞ்சுப்புல் பூப்பதால் வந்த பெயர் என்று ஒரு வரி.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மூச்சு விட்டாள். அப்புறம் மற்றப் பெயர்களைப் பார்த்தாள். பாதிரியார் இருந்தார். தச்சன் இருந்தான். நூறு வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு ஓடையில் படுத்தவன்கூட இருந்தான். அவள் விரல் படத்தின் மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகப் போய்வந்தது. தபால் ஆபீஸ்காரி, கண்ணாடி வேண்டுமா என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஷோனக் வந்தாள். கதவைத் தட்டாமல் வருகிறவள்தான், ஆனாலும் உட்காரவில்லை.

"விட்டுட்டியே" என்றாள்.

மார்சலி கேத்தலை எடுத்து அடுப்புக்குக் கொண்டுபோனாள்.

"பெரியம்மா ஒங்கிட்ட என்ன கேட்டாங்க? ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அன்னைக்கும் ஒரு பேர விட்டே. இன்னைக்கும் ஒரு பேர விட்டுட்டே."

கேத்தல் அடுப்பில் சரியாக உட்காரவில்லை. தண்ணீர் சிந்திப் புகை எழும்பியது. நாற்பத்துநாலு வருஷமாகத் தனக்கு மட்டும் தெரியும் என்று வைத்திருந்தது, எதிரே சால்வையோடு நின்றது.

"கேட்டுட்டியா அன்னைக்கு?"

"பீப்பாய்தான் கழுவிட்டு இருந்தேன். காதையா கழட்டி வெச்சிருந்தேன்?"

"இத்தன வருஷம் சொல்லலியேடி."

ஷோனக் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொல்றது? அவன் ஓடையத் தாண்டறதுக்கு முன்னாடி நானே கத்தியிருக்கலாம். 'டேய், கிழவி முழங்கால்'னு. ரெண்டே வார்த்த. வாய் வரைக்கும் வந்துச்சு மார்சலி. நான் ஆண்ட்ராவ பாத்துட்டு இருந்தேன். நீ திட்டுனதுல அவரு மூஞ்சி எப்படி ஆச்சுன்னு பாத்துட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் அழவில்லை. தேநீர் கறுத்துக் கசந்துபோனது. பிறகு ஷோனக்தான் சொன்னாள், யோவனுக்கு எழுதுவோம், பெயரையும் எழுதுவோம், நாலு பெயர்தான் சொன்னோம் என்றும் எழுதுவோம் என்று. மார்சலிக்கு வேதாகமம் படிக்க வரும், எழுத அவ்வளவாக வராது. ஷோனக்குக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆட்டுக்குட்டி போடுகிற காலம் முடியட்டும் என்றாள் மார்சலி. அது முடிந்ததும் மண்கரி வெட்டுகிற காலம் வந்தது. அப்புறம் அறுவடை. குளிர்காலத்தில் நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்றாள். ஷோனக் இரண்டு முறை காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு முறையும் மார்சலி வேறு ஏதோ பேசி அனுப்பிவிட்டாள். மூன்றாவது குளிர்காலத்தில் ஷோனக் மாட்டுக்கொட்டிலில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. பெட்டி போகும்போது மார்சலி ஊர் எல்லையில் நின்று, கண்ணுக்கு மறைந்த பிறகும் வெகுநேரம் நின்றாள்.

யோவன் கனடா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கழி பிடித்தவர்களில் கடைசி ஆளும் 1979இல் போனார்.

1982 மே மாதம். ஷோனக்கின் பேரன் ஈவர், இருபத்தைந்து வயது, கிழக்கே, கடலில் நிறுத்துகிற எண்ணெய்க் கிணற்று மேடை கட்டுகிற வேலை. விடுமுறைக்கு வந்தால் ஆடுகளைப் பார்ப்பான். ஆண்ட்ராவின் காது அவனுக்கு, கொஞ்சம் பேசினால் சிவந்துவிடும். அவன் நாயோடு மார்சலியின் வாசலில் வந்து நின்றான். அவளுக்கு எழுபது. காலில் பலம் இல்லை. வெயில் பட நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டி, ஒங்க கறுமூஞ்சி ஆடு கெடச்சிருச்சு. ரெண்டு குட்டி. பஞ்சுப்புல் குட்டைப் பக்கம் நிக்குது. நாளைக்கு ஓட்டிட்டு வரேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கையால் நாற்காலியின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோர்க்கில் குட்டை" என்றாள்.

ஐம்பத்தோரு வருஷத்தில் முதல் முறை. குரல் யாருடையதோபோல் இருந்தது.

ஈவர் நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தான்.

"அது எங்க இருக்கு பாட்டி? நான் கேட்டதே இல்லையே."

மார்சலி சொன்னாள். சிவந்த முதுகு. மூன்று ஓடைக் கூடல். தச்சன் கல். கிழவி முழங்கால். ஒவ்வொன்றாக, இடம்விட்டு, அவசரப்படாமல் சொன்னாள். கிழவி முழங்காலை இரண்டு முறை சொன்னாள். அதில் ஏறி நின்று கீழே பார்த்தால் தெரியும் என்றாள்.

அவன் முகம் தெளிந்தது.

"அட, அது பஞ்சுப்புல் குட்டைதானே. பள்ளிக்கூடத்துல படத்துல அப்படித்தான போட்டிருக்கு. நீங்க எழுதிக் குடுத்ததுதானே பாட்டி."

வயதாகிவிட்டது, மறந்துபோகிறது என்று நினைத்தான் போலிருக்கிறது. குனிந்து அவள் முழங்காலிலிருந்து நழுவிய போர்வையைச் சரியாக இழுத்துவிட்டான். ஆடு பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றான். நாயைச் சீழ்க்கையடித்துக் கூப்பிட்டுக்கொண்டு படலைத் திறந்து வெளியே போனான்.

"நேரா போகாதடா" என்றாள் மார்சலி. அதற்குள் அவன் தூரம் போயிருந்தான்.